கோணல் விரல்கள் கொடுத்த பார்வை

பிறந்து மூன்று மாதம் ஆன பிள்ளை. தாயின் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. விளக்கைக் காட்டினால் திரும்பவில்லை. உற்றுப் பார்த்தால் கண்மணி கறுப்பாக இல்லை. பால் சிந்தியதுபோல் வெள்ளையாக இருக்கிறது.

கண்ணில் கத்தி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வைக்காவிட்டால் பிள்ளைக்குப் பார்வை கிடையாது. வைத்து, ஏதாவது நேர்ந்துவிட்டால்?

இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்த தாய் தந்தையர் ஏராளம். மேலூரிலிருந்து வந்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்தார்கள். கமுதி, சாத்தூர், தேனி என்று நாலா பக்கமும் இருந்து வந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டரின் கைகளைப் புதிதாகப் பார்ப்பவர் யாரும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார். விரல்கள் எல்லாம் கோணி, முறுக்கிக்கொண்டு இருக்கும். கணுக்கள் வீங்கி இருக்கும். இந்தக் கையா பிள்ளையின் கண்ணுக்குள் போகப் போகிறது?

இந்தக் கைதான் போயிற்று! ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களை அந்தக் கை செய்து முடித்தது.

அந்தக் கைக்கு உரியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை நிறுவியவர்.

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். உடன் பிறந்தவர்கள் நால்வர். இவரே மூத்தவர்.

காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, செருப்பு இல்லாத காலோடு பள்ளிக்கூடம் போவார். பள்ளிக்கூடத்தில் காகிதம் இல்லை. பென்சில் இல்லை. ஆற்றிலிருந்து மணல் அள்ளி வந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். அப்போது அவர் விரல்கள் எல்லாப் பிள்ளைகளின் விரல்களையும் போல நேராகத்தான் இருந்தன.

ஊரில் டாக்டர் கிடையாது. பிள்ளைப் பேறு என்றால் மறு பிறப்பு. அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் இறந்து போனார்கள். சின்னப் பையனுக்கு அது மறக்கவில்லை. படித்து டாக்டர் ஆவது, அதிலும் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆவது என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்து, 1938-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பை முடித்தார். பிறகு ராணுவத்தில் வைத்தியராகச் சேர்ந்தார். நினைத்தது எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

விரல்கள் முடங்கின

அப்போதுதான் மூட்டு வாதம் பிடித்தது. சாதாரண மூட்டு வலி அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, உடம்பின் மூட்டுகளை எதிரி என்று எண்ணித் தாக்கும் நோய் அது. முடக்கு வாதம் என்பார்கள். மூட்டுகள் வீங்கும், எரியும், கோணும். உயிரை உடனே எடுக்காது. ஆனால் உடம்பை விட்டுப் போகவும் போகாது.

1948-ல் ராணுவ வேலை போயிற்று. ஓராண்டுக்கு மேல் ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நிற்க முடியவில்லை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. வயது முப்பதுதான்!

பிரசவ டாக்டர் இரவு பகல் பாராமல் நிற்க வேண்டும். கையில் வலு வேண்டும். அந்த ஆசை அத்தோடு முடிந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வெங்கடசாமி கண் வைத்தியத்தின் பக்கம் திரும்பினார். கண் சின்ன உறுப்பு. அதற்கு வலு வேண்டாம், நிதானம் போதும்.

நிதானம் போதும் என்று சொல்வது எளிது. கோணிய விரலுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எளிதா? மெல்ல மெல்லப் பழக்கினார். தம் கைக்குப் பொருந்தும்படி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். 1951-ல் கண் வைத்தியத்தில் டிப்ளமா பெற்றார். 1954-ல் எம்.எஸ். பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு ஆபரேஷன் செய்த நாட்களும் உண்டு. வலி அவரை விட்டுப் போகவில்லை. கடைசி வரை கூடவே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக் கணக்கில் படுத்துக் கிடந்தவர் அவர். டாக்டர் வந்து என்ன சொல்லப் போகிறாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியது இல்லை.

மதுரைக்கு வந்தார்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் வைத்தியப் பகுதித் தலைவர் ஆனார். கல்லூரி தொடங்கி இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் வேலையும் அவருக்குத்தான். பிற்காலத்தில் ராஜாஜி ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியதே, அதுதான் இந்த எர்ஸ்கின் ஆஸ்பத்திரி.

வந்து பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைவிட வராதவர்களே அதிகம். கிராமங்களில் பார்வை போனவர்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்கு வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு? அங்கேதான் தாய் தகப்பனின் தவிப்பு.

கண்ணில் பூ விழுந்தது என்றால் முதலில் தாய்ப்பாலைச் சொட்டு விடுவார்கள். அடுத்துப் பச்சிலைச் சாறு. அடுத்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ச்சை. நேர்ச்சையால் கெடுதல் இல்லை. மனத்துக்குத் தெம்பு உண்டு. ஆனால் சாறு அப்படி அல்ல. அது கருவிழியைப் புண்ணாக்கி, இருக்கிற கொஞ்சப் பார்வையையும் கொண்டு போய்விடும்.

எல்லாம் பார்த்துத் தீராமல் போன பிறகே ஆஸ்பத்திரி. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்; சில வீடுகளில் ஆண்டுகளே ஓடியிருக்கும்.

பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று

கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவானது. அது கலங்கிப் போவதுதான் கண்புரை. கிழவர்களுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். பச்சைப் பிள்ளைக்கும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டால், வயிற்றுப் பிள்ளையின் கண்ணுக்குப் புரை வரலாம். சில குடும்பங்களில் வழி வழியாக வரும். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் வழக்கமும் சில வகைகளுக்கு இடம் கொடுக்கும். பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது. தாய் செய்த பாவம், கிரகணத்தில் வெளியே போனது என்று மாமியார்கள் சொல்வது எதுவும் காரணம் அல்ல!

பெரியவருக்குப் புரை வந்தால் சில மாதம் பொறுத்தும் எடுக்கலாம். எடுத்ததும் முன்போலத் தெரியும். ஏனென்றால் பார்ப்பது எப்படி என்று அவர் மூளைக்கு ஏற்கனவே தெரியும்.

பிள்ளைக்கு அப்படி இல்லை. பார்ப்பதை மூளை கற்றுக்கொள்வது பிறந்த பிறகுதான். கண் வழியாக வெளிச்சமும் உருவமும் போகப் போக மூளை கற்கும். போகும் வழி அடைத்திருந்தால் கற்காது. கற்கும் காலம் கடந்துவிட்டால், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுதாக வராது. இரண்டு கண்ணிலும் அடர்ந்த புரையோடு பிறந்த பிள்ளைக்கு, பிறந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது.

இரண்டு மாதக் கைக்குழந்தை! தலை நிற்காத வயது. அதை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, கண்ணைத் திறந்து, கத்தி வைக்க வேண்டும். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எந்தத் தாய்தான் சொல்ல மாட்டாள்? அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் இந்த ஒரு நோயில், வளரட்டும் என்று காத்திருப்பதே பிள்ளைக்கு நஷ்டம்.

அந்தப் பயமும் வெறும் அறியாமை அல்ல. மயக்க மருந்தில் ஆபத்து உண்டு. சின்னக் குழந்தைக்கு அதிகம். புரை எடுத்த இடத்தில் மறுபடி திரை படியலாம்; இரண்டாவது ஆபரேஷன் வேண்டி வரும். சீழ் பிடிக்கலாம். சில பிள்ளைகளுக்குச் சில ஆண்டு கழித்துக் கண்ணில் அழுத்தம் கூடும். இதையெல்லாம் மறைத்துச் சரி என்று சொல்ல வைப்பது வைத்தியம் ஆகாது.

1960-களில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. எடுத்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் எதுவும் வைக்க மாட்டார்கள். ஆகவே தடித்த மூக்குக் கண்ணாடி போட வேண்டும். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போல இருக்கும். சின்ன மூக்கில் அது நிற்காது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று பாட்டி அழுவாள். மகனுக்கு என்றால் ஒரு வழியாகச் சம்மதிக்கும் குடும்பம், மகளுக்கு என்றால் இன்னும் ஒரு வருஷம் யோசிக்கும்.

தராசின் மறு தட்டு

தாயும் தகப்பனும் தராசு பிடிக்கிறார்கள். ஒரு தட்டில் பிள்ளையின் பார்வை. மறு தட்டில் ஆபரேஷன் பயம். அது மட்டும் என்றால் எப்படியாவது தீர்மானிக்கலாம். ஆனால் மறு தட்டில் இன்னும் என்னென்னவோ ஏறி உட்கார்ந்திருந்தன. மதுரைக்குப் பஸ் செலவு. இரண்டு பேரின் கூலி. பட்டணத்தில் சாப்பாடு. வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள். கட்டிப் போட்ட ஆடு. யாரைப் பார்ப்பது, எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாத கூச்சம். ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் போதுமா?

போதாது என்பதை வெங்கடசாமி கண்டுகொண்டார். கத்தியின் அபாயத்தை ஒரேயடியாக இல்லாமல் செய்ய எந்த டாக்டராலும் முடியாது. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைக்கலாம் அல்லவா? அவர் வாழ்நாளின் வேலையை ஒரு வரியில் சொல்வதானால் அதுதான்.

1960-ல் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம் நடத்தத் தொடங்கினார். ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் ஆஸ்பத்திரி ஜனங்களிடம் போகட்டும்! பள்ளிக்கூடம், சத்திரம், எது கிடைத்தாலும் அதுவே ஆஸ்பத்திரி. பிற்காலத்தில் முறை மாறியது. ஊரில் சோதனை மட்டும். ஆபரேஷன் தேவையானவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்து வந்தார்கள். போக வர வண்டி, தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது. அதே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கூடவே வந்தால் பயம் பாதி குறையும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஆபரேஷன் முடிந்து பார்வையோடு ஊர் திரும்பிய ஒருவர், டாக்டர் ஆயிரம் சொன்னாலும் வராத தைரியத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவார்.

கத்தியால் தீராத கண்

எல்லாக் கண்ணையும் கத்தியால் காப்பாற்ற முடியாது. வைட்டமின் ஏ சத்துக் குறைவால் பார்வை இழந்த ஏழைப் பிள்ளைகள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதலில் மாலைக்கண். பிறகு கண் வறளும். அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் சில நாட்களில் கருவிழியே உருகிவிடும். உருகிய பிறகு டாக்டர் செய்யக் கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து வீட்டுக் கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தது. முருங்கை மரம்! முருங்கைக் கீரையும், மற்றக் கீரைகளும், பப்பாளிப் பழமும் கொடுத்திருந்தால் கண் போயிருக்காது. சின்னப் பிள்ளைக்குக் கீரை ஆகாது, வயிற்றைக் கெடுக்கும் என்று கொடுக்காமல் விட்டவர்கள் பலர்.

1970-களின் தொடக்கத்தில் மதுரையில் இதற்கென்று ஒரு சத்துணவு நிலையம் ஏற்பட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக விஞ்ஞானி ஆன்டோனெட் பிரீ அம்மையார் இதற்குத் துணை நின்றார். பிள்ளையோடு தாயும் அங்கே தங்குவாள். கையில் இருக்கும் காசுக்குள் கீரையும் பருப்பும் சேர்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவாள். பிள்ளையின் கண் தேறுவதை அவளே பார்ப்பாள்.

1973-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

நகையை வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி

1976-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு. வயது 58. சிலர் பேரப் பிள்ளைகளோடு விளையாடும் வயது. வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். அவர்களைக் கூட்டி, கண் ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கலாம் என்றார்.

மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. ஸ்ரீ அரவிந்தரிடம் பக்தி கொண்டவர் ஆகையால் அவர் பெயரையே வைத்தார். கடன் எளிதில் கிடைக்கவில்லை. குடும்பத்தார் வீட்டை அடமானம் வைத்தார்கள். நகைகளையும் வைத்தார்கள். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள். அவர்கள் கூட நின்றார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

பணம் உள்ளவர் கொடுக்கட்டும். இல்லாதவர் கொடுக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் டாக்டர் ஒன்றே, கத்தி ஒன்றே. படுக்கைதான் வேறு. இலவசமாக வந்தவர்களுக்குத் தரையில் பாய். கிராமத்தார் வீட்டிலும் பாயில் படுப்பவர்களே. அதைக் குறையாக எண்ணவில்லை.

ஒரு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். ஒன்று முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்ளலாம். நேரம் வீணாவதில்லை. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் கடைகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி ரொட்டி விற்பதைப் பார்த்து, பார்வையையும் அப்படி எல்லா ஊருக்கும் கொடுக்க முடியாதா என்று யோசித்தவர் அவர்! ரொட்டிக் கடையில் வேதாந்தம் படித்தவர் வேறு யாராவது உண்டா?

கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சோதனை செய்வது, டாக்டருக்கு உதவுவது, நோயாளியின் குடும்பத்திடம் பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழிக்கும் தாயிடம், பெரிய டாக்டர் இங்கிலீஷ் கலந்து சொல்வது ஏறாது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, அக்கா என்று கூப்பிட்டு, என்ன செய்வார்கள், எத்தனை நாள் தங்க வேண்டும், என்ன ஆகலாம், என்ன ஆகாது என்று சொன்னால் ஏறும். ஒரு கண்ணில் செய்துவிட்டு, சில நாள் பார்த்து, மறு கண்ணில் செய்வது வழக்கம் என்று கேட்டதும் தகப்பனுக்கு மூச்சு வரும்.

1992-ல் மதுரையில் அரோலேப் என்னும் தொழிற்சாலை ஏற்பட்டது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையை அங்கே செய்தார்கள். வெளிநாட்டு வில்லை ஏழைக்கு எட்டாத விலை. மதுரை வில்லை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் கண்ணுக்குள் வைத்தார்கள். சோடாப் புட்டிக் கண்ணாடியின் பயம் அவர்களை விட்டுப் போயிற்று. ஆனால் கைக்குழந்தைகளுக்கு வில்லை வைப்பதில் டாக்டர்கள் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடிதான்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாயின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சொட்டு மருந்து விட வேண்டும். கண்ணாடியைப் பிள்ளை பிடுங்கிப் போடப் போட எடுத்து மாட்ட வேண்டும். ஒரு கண் மட்டும் மந்தமாக இருந்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிக் கட்ட வேண்டும். மந்தக் கண்ணுக்கு வேலை கொடுத்தால்தான் மூளை அதைச் சேர்த்துக்கொள்ளும். பிள்ளை அழும். கட்டைப் பிய்க்கும். மறுபடி கட்ட வேண்டும். இது ஆண்டுக் கணக்கான வேலை.

தாய்க்கு வரும் ருபெல்லா அம்மையைத் தடுக்கும் ஊசி, 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெரிய அளவில் போடப்பட்டது. அதைப் பார்க்க வெங்கடசாமி இல்லை. 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, 87-ம் வயதில், மதுரையில் அவர் காலமானார். அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் ஆஸ்பத்திரிகள் எழுந்திருந்தன. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆபரேஷன்கள் நடந்தன. பாதிக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடந்தவை. அவருக்கென்று பிள்ளைகள் இல்லை. தம்பி தங்கைகளின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பலர் கண் டாக்டர்கள் ஆகி, அந்த மேஜைகளின் முன் உட்கார்ந்தார்கள்.